மாருதி 800: மைலேஜ் குறைந்தால் முதலில் டேப்பெட், கடைசியில் கார்புரேட்டர்

பழைய மாருதி 800 பெட்ரோல் குடிக்கிறது என்றதும் முதலில் கை போவது கார்புரேட்டர் ஸ்க்ரூவுக்குத்தான். அங்கேதான் வேலை கெடுகிறது. டேப்பெட் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி) இறுகி, பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் தொடுமுனை) தேய்ந்து கிடக்கும் இன்ஜினில் கார்புரேட்டரைத் திருகினால் ஒரு குறையின் மேல் இன்னொரு குறை ஏறும். டேப்பெட், பிளக், பாயின்ட், டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்), அதன் பிறகே கார்புரேட்டர். முன்னால் உள்ளதை மாற்றினால் பின்னால் உள்ளதன் செட்டிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

இங்கே சொல்வது கார்புரேட்டரும் பாயின்ட்டும் உள்ள எஃப்8பி இன்ஜினுக்கு. 796 சிசி, 3 சிலிண்டர், 6 வால்வு, ஹெட்டின் மேல் ஒரே கேம்ஷாஃப்ட். மூன்றே சிலிண்டர் என்பதால் ஒன்று சோம்பினாலும் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும்; வண்டி குலுங்கிக் காட்டிவிடும்.

டேப்பெட்டை இரவு முழுக்க நின்று குளிர்ந்த இன்ஜினில் காலையில் பாருங்கள். ஏர் கிளீனரையும் டேப்பெட் கவரையும் கழற்றி, மூன்று பிளக்கையும் எடுத்துவிடுங்கள். பிளக் இல்லாவிட்டால் கம்ப்ரஷன் தடுக்காது. 4-வது கியரில் போட்டு வண்டியை மெல்ல முன்னால் தள்ளினாலே இன்ஜின் சுற்றும். பின்னால் மட்டும் தள்ள வேண்டாம். நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டால் முழுச் சுற்றும் வந்து மறுபடி பிடியுங்கள்.

டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது 1-வது சிலிண்டர். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் ஸ்பார்க் அடிக்கும் வரிசை) 1-3-2. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றும் முன், மூன்று பிளக் வயர்களும் வரும் இடங்களை டிஸ்ட்ரிபியூட்டர் உடலில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே சுழலும் ரோட்டர் 1-வது குறிக்கு நேரே வரும்போது 1-வது சிலிண்டரின் இரண்டு ராக்கர்களும் கையால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். ஆடினால் இரண்டு வால்வும் மூடியிருக்கின்றன. அந்த சிலிண்டரை செட் செய்யலாம். பிறகு கிராங்க் 240 டிகிரி சுற்ற, ரோட்டர் 120 டிகிரி நகர்ந்து 3-வது சிலிண்டருக்கு வரும், அதன்பின் 2-வது. நான்கு சிலிண்டர் வண்டியில் ஒன்றின் ராக்கர்கள் இடம் மாறுவதைப் பார்த்து ஜோடி சிலிண்டரை செட் செய்யும் பழக்கம் இங்கே உதவாது. இதில் எந்த இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் மேலே வருவதில்லை.

குளிர்ந்த இன்ஜினில் இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வு இரண்டுக்கும் கேப் (இடைவெளி) 0.15 மி.மீ. சூட்டில் பார்ப்பவர்கள் 0.25 வைப்பார்கள், அந்த அளவைக் குளிரில் வைத்தால் டேப்பெட் சத்தம் நிற்காது. ராக்கர் ஸ்க்ரூவின் நுனிக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிப் போக வேண்டும். 0.15 போய், 0.20 போகாமல் இருந்தால் சரி. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும், ஆகவே இறுக்கிய பிறகு இன்னொரு முறை கேஜ் விட்டுப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். ஸ்க்ரூ நுனி குழிந்திருந்தால் கேஜ் அந்தப் பள்ளத்தின் மேல் பாலம்போல நிற்கும். அளவு சரியாகக் காட்டும், சத்தம் மட்டும் போகாது. அந்த ஸ்க்ரூவை மாற்றத்தான் வேண்டும்.

டிக் டிக் சத்தத்தைவிட சத்தமே இல்லாத டேப்பெட்தான் ஆபத்து. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. கேப் இல்லாவிட்டால் முழுதாக உட்காராது, ஓரம் எரிந்துபோகும், கம்ப்ரஷன் போய்விடும். எல்பிஜி போட்ட வண்டிகளில் சீட் தேய்ந்து வால்வு உள்ளே ஏறுவதால் கேப் தானாகவே குறைந்துகொண்டு வரும். அவற்றில் இன்னும் சீக்கிரமாகவே பார்க்க வேண்டும்.

பிளக் கேப் 0.7 முதல் 0.8 மி.மீ. பாயின்ட் கேப், டிஸ்ட்ரிபியூட்டர் கேமின் மேட்டில் ஹீல் (பாயின்ட்டில் கேமோடு உரசும் கட்டை) நிற்கும்போது 0.4 முதல் 0.5 மி.மீ. ஹீல் தேயத் தேய கேப் குறைந்து பாயின்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்தங்கும். பாயின்ட்டைத் தொட்ட பிறகு டைமிங்கைப் பார்த்தே ஆக வேண்டியது இதனால்தான். பாயின்ட் முகம் அடிக்கடி கருகினால் கண்டென்சரை மாற்றுங்கள்.

டைமிங் லைட் இல்லையென்றால் ரோட்டில் பார்க்கலாம். இன்ஜின் நன்றாகச் சூடானபின், காலியான சமதள ரோட்டில் 4-வது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். லேசாக நாக் (இன்ஜின் தட்டும் சத்தம்) கேட்டு உடனே மறைந்தால் டைமிங் சரி. நாக் தொடர்ந்தால் அட்வான்ஸ் (ஸ்பார்க் முன்கூட்டியே அடிப்பது) அதிகம். நாக்கே இல்லாமல் பிக்கப் மந்தமாக இருந்தால் குறைவு. ரோட்டர் சுழலும் திசைக்கு எதிராக டிஸ்ட்ரிபியூட்டர் உடலைத் திருப்பினால் அட்வான்ஸ் கூடும். ஒரு தடவைக்கு ஓரிரு மி.மீ. போதும். கையோடு டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்யூம் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சிப் பாருங்கள்: பாயின்ட் தட்டு நகர வேண்டும், உறிஞ்சல் நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் டயாஃப்ரம் (உறிஞ்சலுக்கு நகரும் மெல்லிய திரை) கிழிந்திருந்தால் நிதானமாக ஓட்டும்போதுதான் பெட்ரோல் அதிகம் போகும். ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது.

இப்போது கார்புரேட்டர். சோக் முழுதாகத் திறந்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் சுத்தமா என்று பார்த்துவிட்டு, ஹெட்லைட் அணைந்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடாத நேரத்தில் ஐடிலிங்கைச் சுமார் 900 ஆர்பிஎம்-இல் வையுங்கள். பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி ஆர்பிஎம் மிக உயரும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து லேசாகக் குறையும் வரை உள்ளே திருப்புங்கள். அடிவரை இறுக்கி அழுத்தக் கூடாது, ஊசி நுனியில் வரி விழுந்துவிட்டால் அந்த ஸ்க்ரூ பிறகு எங்கேயும் நிற்காது. எவ்வளவு திருப்பியும் ஐடிலிங்கில் மாற்றமே இல்லையென்றால் ஸ்லோ ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைத்திருக்கிறது, அல்லது கார்புரேட்டர் அடி கேஸ்கெட்டில் காற்று இழுக்கிறது.

டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை அடிக்கிறதா என்றும் பாருங்கள். கேம்ஷாஃப்டில் ஓடும் மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் இறங்கும். பம்பை மாற்றி, ஆயிலையும் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு மைலேஜ் ஏறவில்லையா? தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். சூடாகிறது என்று யாரோ எப்போதோ பிடுங்கிப் போட்டிருப்பார்கள். அது இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் எடுக்கும், குறைந்த தூர ஓட்டங்களில் வருவதே இல்லை. பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் ஒட்டி ஆயிலையும் கெடுக்கும். பிளக் நுனியில் கறுப்புக் கரி படிந்துகொண்டே இருக்கும். புதிய தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து, காற்றுத்துளை மேல் பக்கம் வரும்படி மாட்டி, வெறும் தண்ணீர் இல்லாமல் கூலண்ட் கலந்து ஊற்றுங்கள்.