கொழும்பிலிருந்து இணையத் தரகு: கல்லாப்பெட்டியைப் பார்த்துவிட்டுக் கடையைத் திறவுங்கள்

62 டொலர். இணையத்தளங்களுக்கு இடம் வாடகைக்குக் கொடுக்கும் வெளிநாட்டு ஹோஸ்டிங் நிறுவனமொன்றின் கணக்கில் என் பெயருக்கு நேரே இன்றும் அந்தத் தொகை நிற்கிறது. ஆறு மாதம் எழுதி, இணைப்புப் போட்டு, ஆட்களை அனுப்பிச் சேர்த்த தரகு அது. எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, அவர்கள் பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக மட்டுமே அனுப்புவார்கள் என்று. இலங்கையில் பேபால் கணக்கு வைத்துப் பொருள் வாங்க முடிந்தது. பணம் பெற முடியவில்லை. பிழை என்னுடையதுதான். விதிமுறைப் பக்கத்தில் எழுதியே வைத்திருந்தார்கள்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனக் கடையொன்றில் பதினொரு வருடம் வியாபாரம் பார்த்தவன் நான். தரகு எனக்குப் புதிதில்லை. அங்கே யாராவது வாடிக்கையாளரைக் கூட்டிவந்தால், மாலையில் முதலாளி அவர் கையில் ஏதோ வைப்பார். அஃபிலியேட் மார்க்கெட்டிங்கும் அந்த வேலைதான். உங்கள் இலக்கம் பதிந்த இணைப்பைச் சொடுக்கி ஒருவர் வாங்கினால் கடைக்காரர் உங்களுக்குப் பங்கு தருகிறார். தெருவிலாவது முதலாளியின் முகம் தெரியும். ஆகவே எதில் சேர்வதற்கு முன்பும் கேளுங்கள்: எந்த வழியில் அனுப்புவார்கள், எவ்வளவு சேர்ந்தால் அனுப்புவார்கள், எத்தனை நாள் கழித்து?

அமேசானில் இதற்கான பதில்கள் கொஞ்சம் கண்டிப்பானவை. உங்கள் இணைப்பைச் சொடுக்கியவர் 24 மணித்தியாலத்துக்குள் பொருளைக் கூடையில் போட வேண்டும். சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். நீங்களே வாங்கினால் அது கணக்கில் சேராது. தரகு, விற்ற மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்தே வரும். அதை இங்கே கொண்டுவரப் பலரும் பேயோனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவையில் கணக்கு வைத்திருக்கிறார்கள்; அதற்கும் கட்டணம் உண்டு, சேரும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். டராஸ் போன்ற உள்ளூர்த் தளத்தின் திட்டத்தில் தொகை சிறியது. ஆனால் ரூபாயாக நம் வங்கிக் கணக்குக்கே வருகிறது. புதியவர் அங்கே தொடங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பெயர் விஷயத்தில் கவனம். என் அடையாள அட்டையில் தகப்பனார் பெயரும் என் பெயரும் முழுதாக இருக்கின்றன. வங்கிப் புத்தகத்திலோ முதலெழுத்துகள்தான். இந்த வித்தியாசத்தைத் தீர்க்க வெள்ளவத்தைக் கிளைக்கு மூன்று தடவை நடந்தேன். நீங்கள் முதலிலேயே இரண்டையும் ஒத்துப் பாருங்கள்.

இனி, எதை எழுதுவது? இதற்குப் பதில் கடையில் நின்ற காலத்தில்தான் எனக்குக் கிடைத்தது. 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை போனபோது, மின்சாரம் போனாலும் இணைய ரவுட்டரை ஓட வைக்கும் பற்றரிப் பெட்டியான சிறிய யூபிஎஸ் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "அண்ணா, இது எத்தனை மணித்தியாலம் நிற்கும்?" பெட்டியில் 8,800 மில்லியாம்பியர் மணி என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பற்றரிக்கான கணக்கு. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சுமார் 32 வாட் மணி. ரவுட்டர் 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுத்தால் 6 வாட். அப்படியானால் ஐந்து மணித்தியாலம், இழப்பைக் கழித்தால் நான்கு சொச்சம். ரவுட்டரின் அடப்டரைத் திருப்பி அது 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்துவிட்டு வாங்கச் சொல்ல வேண்டும். இதை அப்படியே தமிழில், அடப்டரின் அடிப்பக்கப் படத்தோடு எழுதிப் போட்டேன். முதல் மாதம் 212 பேர் இணைப்பைச் சொடுக்கினார்கள். மூன்று பேர் வாங்கினார்கள். மூன்று பேர்தானா என்று சிரிக்காதீர்கள். அதற்கு முன் "சிறந்த பத்து ஹெட்போன்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதிய பக்கத்தில் ஒருவரும் வாங்கவில்லை. அந்தப் பத்தில் ஒன்பதை நான் தொட்டதுகூட இல்லை.

எனவே கையில் பிடித்துப் பார்த்த பொருளை மட்டும் எடுங்கள். வாங்கப் பணமில்லையென்றால் 100ஆம் இலக்க பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குப் போய், கடைக்காரரிடம் கேட்டுப் பிரித்துப் பாருங்கள். கூட்டமில்லாத முற்பகலில் போனால் அலுக்காமல் காட்டுவார்கள். எழுதும் இடம் பெரிய விஷயமில்லை. கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாகர் இலவசம், தொடங்க அது போதும். விலையை மட்டும் எழுதாதீர்கள். இன்று எழுதிய விலை நாளை இருக்காது, திட்டு உங்களுக்கு விழும்.

பக்கத்தின் தலைப்பிலேயே "இந்த இணைப்பில் வாங்கினால் எனக்குத் தரகு கிடைக்கும், உங்களுக்கு விலை கூடாது" என்று போடுங்கள். பெரும்பாலான திட்டங்கள் இதைக் கட்டாயமாகக் கேட்கின்றன. என் மாமி மட்டும் இதைப் படித்துவிட்டு, "அப்போது நீ சொல்வதை எப்படி நம்புவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான், வாங்க வேண்டாம் என்று நான் சொல்லும் இரண்டு யூபிஎஸ்களும் அதே பக்கத்தில் இருக்கின்றன. மாமி இன்னும் ஒன்றும் வாங்கவில்லை.

வரி: உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் எடுத்துவையுங்கள். ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபருக்கு விலக்கு இருக்கிறது. வெளிநாட்டவருக்குச் செய்த சேவைக்கு அந்நியச் செலாவணியாக வங்கி வழியே வரும் வருமானத்துக்கு, 2025 ஏப்ரல் 1 முதல் அதிகபட்சம் 15 சதவீதம். நான் ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதி, டொலர், அன்றைய மாற்று வீதம், கையில் வந்த ரூபாய் என்று நான்கு கோடு போட்டு எழுதுகிறேன். வரி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஏப்ரலில் உட்கார்ந்து தேடினால் பழைய வீதம் ஒன்றும் நினைவுக்கு வராது.