குழந்தைக்கு ட்ரை பண்றப்போ மூலிகை மருந்து விஷயத்துல ஆம்பளைங்க பண்ற தப்புங்க

ஒரு வருஷம் ட்ரை பண்ணியும் குழந்தை தங்கலைன்னா, நிறைய பேர் மனைவிய மட்டும் ஸ்கேனுக்கு அனுப்பிட்டு தனக்கு ஆன்லைன்ல ஒரு அஸ்வகந்தா டப்பா ஆர்டர் போட்டுக்கறாங்க. பெரிய தப்பே இதுதாங்க. இந்த மாதிரி தம்பதிங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கு, அதனால மொதல்ல விந்து பரிசோதனை, மருந்தெல்லாம் அப்புறம். டெஸ்ட்டுக்கு முன்னாடி 2 நாள்லேர்ந்து 7 நாள் வரைக்கும் விந்து வெளியேறாம இருக்கணும், இல்லன்னா ரிசல்ட்ட நம்ப முடியாது. ரிப்போர்ட்ல விந்தணு எண்ணிக்கை ஒரு மில்லிக்கு 1.6 கோடிக்குக் கீழ இருந்தா கம்மின்னு சொல்வாங்க, அந்த ஒரு நம்பர பாத்துட்டு இடிஞ்சு போயிடாதீங்க, அசைவு எப்டி, வடிவம் எப்டின்னும் பாக்கணும், இன்னொரு தடவையும் எடுத்துப் பாக்கணும்.

ஸ்ட்ரெஸ் நெசமாவே பாதிக்கும். டென்ஷன்ல சுரக்கற கார்டிசால்ங்கற ஹார்மோன் ஏறிட்டே இருந்தா மூளைலேர்ந்து விதைப்பைக்குப் போற ஹார்மோன் சிக்னல் குறையும், டெஸ்டோஸ்டிரானும் எறங்கும், கூடவே தூக்கம் போயி சிகரெட்டும் குடியும் கூடிடும். ஆனா எல்லாத்துக்கும் டென்ஷன்தான் காரணம்னு முடிவு பண்ணிட்டு டாக்டர்கிட்ட போகாம இருக்கறது ரொம்ப ஆபத்து, ஏன்னா வெரிகோசீலோ (விதைப்பைல ரத்தக்குழாய் வீங்கறது) விந்து வர்ற குழாய்ல அடைப்போ இருந்தா எந்த லேகியமும் அத சரி பண்ணாது.

அடுத்தது அவசரம். விந்தணு முழுசா உருவாகி வெளிய வர கிட்டத்தட்ட 3 மாசம் ஆகும், போன மாசம் வந்த காய்ச்சல் கூட இன்னிக்கு ரிப்போர்ட்ல தெரியலாம், அப்டி இருக்கறப்போ ரெண்டு வாரம் பவுடர் சாப்ட்டு பலன் இல்லன்னு வேற டப்பாவுக்கு மாறுறதுல என்ன இருக்கு சொல்லுங்க.

மூலிகைன்னா சைட் எஃபெக்ட் இல்லன்னு நம்பறதும் தப்பு. அஸ்வகந்தாவால விந்தணு எண்ணிக்கை கூடுதுன்னு சின்ன சின்ன ஆய்வுங்கள்ல வந்திருக்கு, அத நான் மறுக்கல, ஆனா சிலருக்கு லிவர் பாதிச்சிருக்கு, தைராய்டு அளவையும் அது ஏத்தலாம். தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை போடறவங்க டாக்டர கேக்காம தொடவே கூடாது. ‘ஆண்மை சக்தி’ன்னு விக்கற சிலதுல சில்டனாஃபில்ங்கற (வயாக்ரா மாத்திரைல இருக்கற) மருந்த லேபிள்ல போடாம கலந்திருக்கறத கண்டுபுடிச்சிருக்காங்க, நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடறவருக்கு அது உயிருக்கே ஆபத்து. சில தயாரிப்புங்கள்ல ஈயம் இருக்கும், அந்த ஈயமே விந்தணுவக் கெடுக்கும்.

இன்னொண்ணு, ஜிம்ல யாராவது சொன்னாங்கன்னு டெஸ்டோஸ்டிரான் ஊசி மட்டும் போட்டுக்காதீங்க. வெளிலேர்ந்து அது உள்ள வந்தா உடம்பு விந்தணு உற்பத்திய நிறுத்திடும், எண்ணிக்கை ஜீரோவுக்கே போகலாம், ஊசிய நிறுத்தினாலும் பழையபடி வர மாசக்கணக்குல ஆகும். ஏற்கனவே போட்டிருந்தா வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.