நாட்டுப் பன்றிக்குப் புரதம் மட்டும் போதாது, லைசினையும் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஓரமாக நாலைந்து கருப்புப் பன்றி வளர்க்கிறவர்கள் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கையும் தவிட்டையும் கலந்து தொட்டியில் கொட்டிவிட்டு, "நல்லாத்தானே தின்னுது, ஏன் சதை பிடிக்கல, கொழுப்புதான் ஏறுது" என்று கேட்பார்கள். வயிறு நிறைகிறது, லைசின் நிறையவில்லை. புரதத்தைக் கட்டும் துண்டுகளுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர், சதை வளரத் தேவையான அவற்றில் முதலில் தட்டுப்படுவது லைசின்தான். அது குறைந்தால் மற்றவை எவ்வளவு இருந்தாலும் வீண். மிச்சப் புரதம் மூத்திரமாகப் போகும், கொட்டகையில் கண் எரிகிற நாற்றம் வருவது அதனாலும்தான்.

வேகமாக வளரும் வெள்ளைப் பன்றிக்கு 25 முதல் 50 கிலோ எடையில், செரிக்கக்கூடிய லைசின் தீவனத்தில் ஏறக்குறைய 1 விழுக்காடு வேண்டும். நம் நாட்டு இனம் மெதுவாக வளர்வது, சதையும் குறைவு, அதனால் அவ்வளவு தேவையில்லை. கடைத் தீவன மூட்டையில் எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றினால் காசுதான் கரையும்.

சரி, என்ன செய்யலாம்? சோயா புண்ணாக்கைச் சேருங்கள், லைசின் அதில் நிறைய. சந்தையில் தௌபூ (சோயாபால் கட்டி) செய்கிறவர்களிடம் கிடைக்கும் சக்கையும் நல்லது, ஆனால் அது பெரும்பாலும் தண்ணீர், அன்றே வேகவைத்துக் கொடுங்கள், புளித்ததைத் தொடாதீர்கள். வேகவைக்காத பச்சை சோயா வேண்டவே வேண்டாம், புரதம் செரிக்காமல் தடுக்கும்.

லைசின் தூள் வாங்கினால் 100 கிராமில் சுமார் 78 கிராம்தான் லைசின். முதலில் ஒரு கிலோ சோளமாவில் பிசறி, அப்புறம் மொத்தத் தீவனத்தில் கலக்குங்கள், இல்லையென்றால் ஒரே பன்றி எல்லாவற்றையும் தின்றுவிடும்.