ஏர் இழுக்குற வம்சாவளிக் குதிரை: ஓட்டாகோ, சவுத்லாண்ட் பக்கம் பண்ணின தப்புகள்

1848ல ஸ்காட்லாந்துக்காரங்க கப்பல்ல வந்து நியூசிலாந்தோட தெற்குத் தீவுல டனீடின்ல இறங்கி ஓட்டாகோ முழுக்க குடியேறினாங்க, அப்புறம் அப்படியே தெக்கால சவுத்லாண்ட் வரைக்கும் போனாங்க. பல இடத்துல ஈர மண்ணு, சதுப்பு, ஏறு இறங்கு மேடு. முதல்ல எருது கட்டி உழுதவங்க பிறகு சொந்த ஊர் ரகமான கிளைட்ஸ்டேலுக்கு மாறினாங்க. 16ல இருந்து 18 கை உயரம் (ஒரு கைன்னா 4 அங்குலம்), எடை 700 கிலோவுக்கு மேல, சிலது டன்னையே தொடும். நல்ல நடை, காலைச் சுத்தி பட்டு மாதிரி முடி.

இந்தக் குதிரையை இனவிருத்தி பண்றதுல தப்பு பண்ணினா உடனே தெரியாது, அதான் சிக்கலே. சினை 11 மாசம், குட்டி வளந்து முழு வேலைக்கு வர மூணு வருஷத்துக்கு மேல, ஆக இன்னைக்கு தப்பான பொலிகுதிரைகிட்ட சேத்தா அது தப்புன்னு புரியறதுக்குள்ள நாலு வருஷம் ஓடிடும், நடுவுல அதே குதிரைகிட்ட இன்னும் மூணு தடவை சேத்திருப்பீங்க.

பெரிய தப்பு காகிதத்தை வாங்குறதுதான். ஸ்காட்லாந்துல கிளைட்ஸ்டேல் சங்கம் 1877ல ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷமே வம்சப் பதிவேடு வந்துடுச்சு. அதுக்கப்புறம் காலனி விவசாயிக்கு அப்பன் பேரும் தாத்தா பேரும் அச்சுல இருந்தா போதும், காலைக் குனிஞ்சு பாக்க மாட்டான். நம்ம ஊர்ல சுழி மட்டும் பாத்து மாடு வாங்குற ஆளுங்க இருக்காங்கல்ல, அந்தக் கதைதான். பதிவேடு யாருக்கு யாரு பொறந்ததுன்னு சொல்லும், நொண்டுமா நொண்டாதான்னு சொல்லாது.

அதனால முன்னங்காலைத் தொட்டுப் பாருங்க. குளம்பு ஆரம்பிக்கிற விளிம்புக்குக் கொஞ்சம் மேல, பின்பக்கமா, ரெண்டு புறமும் ஒரு குருத்தெலும்பு இருக்கும். முடியை விலக்கிட்டு கட்டைவிரலை அங்க வச்சு அழுத்துங்க. உள்ள போய்ட்டு திரும்பி வரணும். கல்லு மாதிரி நின்னா அது எலும்பா இறுகிப்போச்சு, சைட்போன்னு சொல்றது இதைத்தான். இந்த முடி இருக்கே, அது அழகுக்கு அழகு, மறைக்கிறதுக்கு மறைப்பு. சைட்போன், குளம்புக்கு மேல எலும்பு புடைக்கிற ரிங்போன், பின்னங்கால் மூட்டு கெடுற ஸ்பாவின், மூச்சு இரைச்சல், கண்ணுல புரை, இதெல்லாம் குட்டிக்கும் போகும்னு அப்பவே பயந்தாங்க, பக்கத்துல ஆஸ்திரேலியாவுல விக்டோரியா அரசு 1907 வாக்குல பொலிகுதிரைகளை கால்நடை டாக்டர் வச்சு சோதிச்சு சர்டிபிகேட் குடுக்க ஆரம்பிச்சுச்சு. என்னைக் கேட்டா கண்காட்சி ரிப்பன் பத்தை விட அந்த ஒரு சர்டிபிகேட் மேல.

அடுத்தது பெட்டைக் குதிரையை மறக்குறது. பொலிகுதிரைக்கு ஊரே விளம்பரம் பண்ணும், அதைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு ஆள் வாரா வாரம் பண்ணை பண்ணையா நடந்தே சுத்துவான், விவசாயி காசு குடுத்து தன்னோட பெட்டையை அதுகிட்ட சேப்பான். ஆனா எந்தப் பெட்டையை? நல்லா இழுக்குறதை டவுனுக்கு வண்டிக்கு வித்துட்டு, இல்லேன்னா உழவு கெட்டுடும்னு ஏர்லயே விட்டுட்டு, நொண்டி வேலைக்கு ஆகாததை சரி குட்டியாவது போடட்டும்னு அனுப்புவான். அது ஏன் நொண்டுச்சுன்னு யோசிக்கவே மாட்டான். பாதி ரத்தம் அதோடது சார்! பதிவில்லாத பெட்டையை நாலு தலைமுறை தொடர்ந்து பதிவுள்ள பொலிகுதிரைகிட்ட சேத்தா கணக்குப்படி 16ல 15 பங்கு சுத்த ரத்தம், ஆனா நாலு தலைமுறையிலும் நல்ல பெட்டைக்குட்டியை விக்காம வச்சிருந்தாத்தான் அந்தக் கணக்குக்கு அர்த்தம் உண்டு. கையில காசு இல்லாத வருஷத்துல முதல்ல விக்கத் தோணுறதும் அதைத்தான்.

கனமான பெட்டையை லேசான சவாரி ரகத்தோட இஷ்டத்துக்குக் கலக்குறதும் இந்த வகைதான். ஆஸ்திரேலியாவுல இருந்து நம்ம மெட்ராஸ் துறைமுகத்துல பட்டாளத்துக்குன்னு வந்து இறங்கின வேலர் குதிரைகள்ல பீரங்கி இழுக்குற கனமான வகைக்கு அப்படிப்பட்ட கலப்பு உதவுச்சு, உண்மைதான், ஆனா வாங்க ஆள் இருக்கான்னு தெரிஞ்சு பண்றது வேற, சும்மா பண்ணிட்டு ஏருக்கும் ஆகாம சவாரிக்கும் ஆகாம லாயத்துல நிறுத்தி தீனி போடுறது வேற.

எல்லாரும் ஒரே பேர் பின்னாடி ஓடுறது அடுத்தது. ஸ்காட்லாந்துல 1866ல பொறந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், 1872ல பொறந்த டார்ன்லி, இந்த ரெண்டு பொலிகுதிரையோட வாரிசுகளைத்தான் மாத்தி மாத்தி ஒண்ணோட ஒண்ணு சேத்தாங்க. காலனிக்கு கப்பல் ஏறி வந்ததும் பெரும்பாலும் அதே வம்சம்தான், மாவட்டத்துல இருக்குறதே சில பொலிகுதிரை, அஞ்சு வருஷம் ஒண்ணையே எல்லாரும் சேத்தா அப்புறம் எந்தப் பெட்டையை எடுத்தாலும் அண்ணன் தங்கச்சி முறை. விலையும் ஒரு பைத்தியம். 1911ல ஸ்காட்லாந்துல ஏர் (Ayr)ங்கிற ஊர் ஏலத்துல பாரன் ஆஃப் புக்லைவிங்கிற பொலிகுதிரை 9,500 பவுண்டுக்குப் போச்சு, 1914ல ஒரு பெட்டை உதைச்சு கால் முறிஞ்சு அதைக் கொல்ல வேண்டியதாப் போச்சு. எலும்புக்கூடு கிளாஸ்கோ மியூசியத்துல இருக்கு.

பருவக் கணக்கு தப்பினா இன்னும் மோசம். ஸ்காட்லாந்துல மே மாசம் சினை பிடிச்ச பெட்டையை ரெண்டு லாபம்னு நெனச்சு வாங்கி கப்பல் ஏத்துவாங்க, அது அடுத்த ஏப்ரல்ல ஈனும், ஆனா தெக்க நியூசிலாந்துல பருவம் தலைகீழ், ஏப்ரல்னா இலையுதிர் காலம், பொறந்த குட்டி நேரா குளிருக்குள்ள போகும், தாய்க்குப் பச்சைப்புல்லும் இருக்காது. சவுத்லாண்ட் மழையில ஜூன் ஜூலை தாண்டுறது பெரிய பாடு. அங்க செப்டம்பர்ல இருந்து நவம்பருக்குள்ள ஈனுற மாதிரி திட்டம் போடணும். இன்னொண்ணு, சேத்தாச்சுன்னு விட்டுடக்கூடாது. பெட்டை சுமார் 21 நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும், அதனால மூணு வாரம் கழிச்சு பொலிகுதிரை அந்தப் பக்கம் வர்றப்ப திரும்பக் காட்டணும். உழவு வேலைன்னு அதைத் தவற விட்டவனுக்கு அந்த வருஷம் குட்டி இல்ல, தீனிச் செலவு மட்டும் உண்டு.

காலு முடிக்கு வர்றேன். கண்காட்சியில முடி அடர்த்தியா இருந்தா மார்க். சதுப்பு நிலத்துல அந்த முடிக்குள்ள சேறு காயாம நின்னு தோல் வெடிச்சு சீழ் பிடிக்கும், பேன் மாதிரிப் பூச்சி வேற குடியேறும். இங்கிலாந்துக் களிமண்ணுல சஃபோக் ரகம் காலுல முடி இல்லாமலே ஏர் இழுத்துச்சு. முடி முழங்கால்ல ஆரம்பிச்சு பட்டா இறங்கினா சரி, சுருட்டை சுருட்டையா கம்பளி மாதிரி இருந்தா ஈர நிலத்துக்கு வேணாம்னு நான் சொல்லுவேன்.

தீனியில ரெண்டு தப்பு. முதல்ல, கண்காட்சிக்குன்னு பொலிகுதிரையை கொழுக்க வைக்கிறதும், குட்டிக்கு ஓட்ஸைத் திணிச்சு சீக்கிரம் பெருசாக்குறதும். மூட்டு இறுகுறதுக்கு முன்னாடி எடை ஏறினா காலு கோணும். ரெண்டாவது, ஞாயித்துக்கிழமை லீவு விட்டுட்டு வேலை நாள் அளவுக்கே ஓட்ஸ் வைக்கிறது. திங்கக்கிழமை ஏர்ல கட்டி கொஞ்ச தூரம் போனதும் பின்பக்கத் தசை கட்டையாகி வேர்த்துக் கொட்டி சிறுநீர் கருப்பா போகும். திங்கள் காலை நோய்னே பேரு. அப்படி ஆச்சுன்னா நடத்தவே கூடாது, வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடலாம்னு இழுக்குறதுதான் கொல்லும். ஓய்வு நாள்ல ஓட்ஸைக் குறைச்சு, கொஞ்சம் வெளிய நடக்க விட்டா பெரும்பாலும் வராது.

சவுத்லாண்டுக்கே உரிய ஒரு தப்பும் இருக்கு. வின்டன் ஊர்ப் பக்கம் குதிரைங்க மெலிஞ்சு, கொட்டாவி விட்டுக்கிட்டு, வேலியில முட்டி, கண்ணு தெரியாத மாதிரி சுத்திச் செத்துச்சு. வின்டன் நோய்னாங்க. 1900களோட தொடக்கத்துல அரசு கால்நடை டாக்டர் கில்ருத் சோதிச்சுப் பாத்து ராக்வொர்ட்ங்கிற மஞ்சப்பூ களைதான் ஈரலைக் கெடுக்குதுன்னு நிரூபிச்சார். பச்சையா கசப்புன்னு குதிரை ஒதுக்கும், தீனிக்கு அறுத்துக் காயவச்ச புல்லுல காஞ்சு கலந்துட்டா வித்தியாசம் தெரியாம தின்னுடும், விஷமும் குறையாது. அறிகுறி தெரியறப்ப ஈரல் போயிருக்கும். செம்மறி ஆடு குதிரையை விட நல்லாத் தாங்கும், அதனால அந்த வயல்ல முதல்ல ஆட்டை விட்டு மேய்ச்சாங்க. அந்தப் புல்லு அறுக்குற வயல்ல மஞ்சப்பூவைப் பாத்தும் பாக்காம போறவன் எவ்ளோ நல்ல வம்சம் வச்சிருந்தும் பிரயோஜனம் இல்ல.

சந்தையும் ஒண்ணு. நியூசிலாந்துல குதிரை எண்ணிக்கை 1911ல 4 லட்சத்தைத் தாண்டி உச்சம் தொட்டுச்சு, அப்புறம் இறக்கம்தான், டிராக்டர் வந்துச்சு. அதுக்கப்புறமும் எல்லாப் பெட்டையையும் வருஷா வருஷம் சினை பிடிக்க விட்டவங்க குட்டியை வந்த விலைக்குத் தள்ளினாங்க. இப்ப வளக்குறவங்களுக்கும் இதேதான், குட்டி எங்க போகும்னு தெரியாம பெட்டையைப் பொலிகுதிரைகிட்ட கொண்டு போகாதீங்க.