தகரக் கூரை வீட்டின் சூட்டைக் குறைக்க: முதல் காசு கூரைக்கே

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில், பிற்பகல் 2 மணிக்கு, சீலிங் இல்லாத தகர வீட்டுக்குள் நின்று ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். இன்னொரு கையைச் சுவரில் வையுங்கள். உள்ளங்கையில் அனல் அடிப்பது மேலேயிருந்துதான். பூமத்தியரேகைக்கு 5 பாகை வடக்கே இருக்கிறோம். வருஷம் முழுவதும் வெயில் ஏறக்குறைய உச்சந்தலையில் விழுகிறது. மேற்குச் சுவருக்கு மாலையில் மூன்று நான்கு மணி நேரம் வெயில் என்றால், கூரைக்குக் காலையிலிருந்து அந்திவரை.

அதனால் வெப்பம் தாங்கவில்லை என்றதும் தவணைக்கு ஏர்கோன் வாங்குவது தலைகீழான வேலை. வெறும் தகரத்துக்குக் கீழே மாட்டிய ஏர்கோன் நின்று நின்று ஓடாது. பகலெல்லாம் மூச்சுவிடாமல் ஓடும், பில் ஏறும், அறையும் குளிராது. கையில் இருக்கும் வெள்ளியை இந்த வரிசையில் செலவிடுங்கள்: கூரை ஒழுகலை அடைப்பது, வெள்ளைப் பூச்சு, அலுமினியத் தாள், காற்றுப் போக்கு, மேற்குச் சுவருக்கு நிழல். மின்சாதனங்கள் அதற்குப் பிறகு.

ஏறுவதற்கு முன்

கூரை உண்மையிலேயே தகரமா என்று பாருங்கள். பழைய லயத்து வீடுகளிலும் 1980களுக்கு முந்திய மலிவு வீடுகளிலும் சாம்பல் நிற நெளி சிமெண்டுத் தகடு இருக்கலாம். அது அஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் துளைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், நீரைப் பீய்ச்சிக் கழுவாதீர்கள். கிளம்பும் தூசி நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகலாம். மேலே கால் வைத்தால் உடைந்து ஆளே விழவும் கூடும். அப்படிப்பட்ட கூரையை மேலிருந்து தொடவே வேண்டாம். அதற்குக் கீழே, அதைத் தொடாமல் சீலிங் கட்டுவதுதான் வழி.

வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமென்றால் அனுமதி கேட்காமல் கூரையில் எதுவும் செய்யாதீர்கள். கழற்றி எடுத்துப்போகக் கூடிய நிழல்வலை, காற்றாடி இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தகரமென்றால், ஆணிகள் ஓடும் வரிசையில் மட்டும் கால் வையுங்கள். அந்த வரிசைக்கு அடியில்தான் மரச்சட்டம் இருக்கிறது. ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத் தகரத்தில் ஏறவே கூடாது.

ஒழுகல் பெரும்பாலும் ஓட்டையால் வருவதல்ல, ஆணியால் வருவது. பகலில் தகரம் விரிகிறது, ராத்திரி சுருங்குகிறது. அந்த இழுபறியில் ஆணி கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பிவிடும். அதைச் சுத்தியலால் திரும்ப அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். ஆணியைப் பிடுங்கி, அதே துளையில் சற்றுத் தடித்த, 2 அங்குல ரப்பர் வாஷர் திருகாணியைப் போடுங்கள். நெளிவின் மேட்டில் போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அதன்மேல் தேங்கும். வாஷர் லேசாக அமுங்கியதும் நிறுத்துங்கள். நசுங்கிப் பிதுங்குமளவு முறுக்கினால் ரப்பர் சீக்கிரம் வெடித்துவிடும்.

வெள்ளைப் பூச்சு

செலவுக்குத் தகுந்த பலனை இதைவிட அதிகமாகத் தரும் வேலை வேறில்லை. நல்ல வெள்ளைக் கூரைப் பூச்சு புதிதாக இருக்கும்போது வெயிலில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். துருவேறிய தகரம் அதில் பாதிகூட அனுப்பாது. பளபளக்கும் புதுத் தகரம் வெயிலைத் திருப்பினாலும், உள்வாங்கிய சூட்டை எளிதில் வெளியே விடாது. வெள்ளைப் பூச்சு இரண்டையும் செய்கிறது.

சுவருக்கு அடிக்கும் சாதாரண வெள்ளைச் சாயம் கூரைக்கு ஆகாது. தகரத்தோடு சேர்ந்து நீளவும் சுருங்கவும் தெரியாமல் உரிந்துவிடும். ஹார்ட்வேர் கடையில் உலோகக் கூரைக்கான, ரப்பர் போல இழுபடும் அக்ரிலிக் பூச்சு என்று கேளுங்கள்.

அளவு பார்க்கும்போது வீட்டின் அளவை எடுக்காதீர்கள். இறவாரம் உட்படக் கூரையின் அளவை எடுங்கள். 20 அடி அகலத் தெரஸ் வீடு (ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடு), முன்னும் பின்னும் இறவாரத்தோடு 34 அடி நீளம் என்றால் 680 சதுர அடி, அதாவது 63 சதுர மீட்டர். சரிவுக்கும் நெளிவுக்கும் 5இல் ஒரு பங்கு கூட்டினால் 76. ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு 4 சதுர மீட்டர் வரும் என்று வாளியில் போட்டிருந்தால், இரண்டு பூச்சுக்கு 38 லிட்டர். 20 லிட்டர் வாளி இரண்டு போதும். வாளியில் வேறு கணக்கு இருந்தால் அதன்படி போடுங்கள். தண்ணீர் கலந்து ஒரே வாளியில் ஒப்பேற்றும் ஆள் கிடைத்தால் வேலையைக் கொடுக்காதீர்கள். மெலிந்த பூச்சு இரண்டாம் வருஷமே தூளாக உதிரும்.

முதல் நாள் சவர்க்காரத் தண்ணீரும் கெட்டித் தூரிகையும் கொண்டு பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். துரு உள்ள இடத்தைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, அந்த இடத்துக்கு மட்டும் துருத்தடுப்புப் பிரைமர் அடியுங்கள். விரல் பட்டால் பொடியும் தகடு பூச்சுக்குத் தகுதியில்லை, அந்த ஒரு தகட்டை மாற்றிவிடுங்கள். இன்னும் பளபளக்கிற புதுத் தகரத்தில் எதுவும் ஒட்டாது. சில மாதம் வெயில் மழையில் மங்கட்டும், இல்லையென்றால் துத்தநாகத் தகட்டுக்கென்றே உள்ள பிரைமர் வேண்டும்.

நேரம்தான் பலர் தவறும் இடம். பனி காய்ந்த பிறகு, சுமார் 8 மணிக்குத் தொடங்கி 11 மணிக்குள் முடித்துவிட வேண்டும். நடுப்பகல் தகரத்தில் பூசினால் மேல்தோல் உடனே இறுகி, உள்ளே அகப்பட்ட நீர் ஆவியாகிக் கொப்புளமாகும். பிற்பகலில் பூசினால் மலைப்பக்கமிருந்து வரும் மாலை மழை அத்தனையையும் சாக்கடையில் சேர்த்துவிடும். முதல் பூச்சை நெடுக்கிலும், மறுநாள் இரண்டாவதைக் குறுக்கிலும் கொடுங்கள். திருகாணித் தலைகளுக்கும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்புகளுக்கும் தூரிகையால் முன்கூட்டியே தனியாகப் பூசிவிடுங்கள்.

தீபாவளிக்குச் சாயம் அடிக்கும் வழக்கத்தில் கூரையையும் சேர்த்துவிடாதீர்கள். அக்டோபர், நவம்பர் மேற்குக் கரையில் இடிமழைக் காலம். உட்சுவர் வேலை தீபாவளிக்கு, கூரை வேலை ஜூன் ஜூலையில். லயத்திலோ தெரஸ் வரிசையிலோ நாலு வீட்டார் சேர்ந்து வாங்கினால் வாளிகள் மிஞ்சாது, ஏணியும் ஒன்றே போதும். பக்கத்து வீட்டுத் தகரத்தோடு சேரும் இடமும் ஒழுங்காக அமையும். வருஷத்துக்கு ஒருமுறை பாசியைக் கழுவுங்கள். கறுத்த வெள்ளைக் கூரை வெள்ளைக் கூரையே அல்ல.

அலுமினியத் தாள்

தாள் சூட்டைத் தடுப்பது தடிப்பால் அல்ல, பளபளப்பால். பளபளக்கும் முகத்துக்கு முன்னால் குறைந்தது 1 அங்குலக் காற்றிடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். தகரத்தோடு ஒட்டிவிட்டால் அது வெறும் உலோகம். சூடு நேராகக் கடந்துவரும். ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் தாள் என்றால் அந்தப் பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து சில வருஷத்தில் பலன் போய்விடும்.

சுருள் 4 அடி அகலமென்று வையுங்கள். 6 அங்குலம் மேற்கவிய வேண்டும் என்பதால் பயன்படுவது மூன்றரை அடிதான். 600 சதுர அடி வீட்டுக்குச் சரிவையும் சேர்த்து 720 சதுர அடி வாங்குங்கள்.

சீலிங் இல்லாத வீட்டில் கைமரத்தின் அடிப்பக்கத்தில் தாளை விரித்து, 6 அங்குலத்துக்கு ஒன்றாக ஸ்டேப்பிள் அடியுங்கள். முகட்டிலிருந்து தொடங்கிக் கீழ் ஓரத்தை நோக்கி வர வேண்டும். மேல் தாள் கீழ்த் தாளின்மேல் ஓடு வேய்வதுபோலக் கவிய வேண்டும். விடிகாலையில் குளிர்ந்த தகரத்தின் அடியில் நீர் கோத்துச் சொட்டும். அது தாளின்மேல் வழிந்து இறவாரத்துக்குப் போவது இந்த அடுக்கால்தான். மாற்றி அடுக்கினால் படுக்கையில் சொட்டும். முகட்டுத் தகட்டுக்கு அடியில் தெரியும் நெளிவு இடைவெளிகளைச் சிலிக்கோன் வைத்து அடைக்காதீர்கள், சூடான காற்று வெளியேறுவது அதன் வழியாகத்தான். பறவை புகுந்தால் கம்பிவலை வையுங்கள்.

உயிர் போகும் ஆபத்து ஒன்று இதில் உண்டு. அலுமினியத் தாள் மின்சாரத்தைக் கடத்தும். ஆஸ்திரேலியாவில் அரசு உதவியோடு வீட்டுக் கூரைகளுக்குத் தடுப்பு போட்டபோது, 2009இலும் 2010 தொடக்கத்திலும், தாள் பொருத்திய இளம் தொழிலாளர்கள் மின்சாரம் பாய்ந்து இறந்தார்கள். உலோக ஸ்டேப்பிள் மின்கம்பியைத் துளைத்ததில் தாள் முழுவதும் மின்சாரம் ஏறியிருந்தது. வேலை தொடங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். விளக்கை மட்டும் அணைப்பது போதாது. கைமரத்தோரம் ஓடும் பழைய கம்பிகளைப் பதிவுபெற்ற வயர்மேனைக் கொண்டு குழாய்க்குள் போட்ட பிறகே தாளைக் கொண்டுபோங்கள்.

காற்றும் நிழலும்

கொசுவுக்குப் பயந்து கதவுக்கு மேலுள்ள காற்றுத் துளைகளை அட்டையால் அடைத்திருப்பார்கள். அட்டையை எடுத்துவிட்டுக் கம்பிவலை அடியுங்கள். சூடான காற்று மேலே ஏறி அங்கேதான் வழி தேடும். நாக்கோ ஜன்னலின் (அடுக்குக் கண்ணாடி ஜன்னல்) கண்ணாடிகள் இறுகிப்போய்ப் பாதி திறப்பில் நின்றால் கைப்பிடிச் சட்டத்தை மட்டும் மாற்றினால் போதும், ஜன்னலையே மாற்ற வேண்டியதில்லை.

மேற்குப் பக்கம் உள்ளே திரை போடுவது தாமதமான காவல். கண்ணாடியைத் தாண்டிவிட்ட சூடு வீட்டுக்குள்தான் இருக்கும். வெளியே போடுங்கள். நாற்றுப் பண்ணைக்கு வாங்கும் கறுப்பு நிழல்வலையைச் சுவரிலிருந்து 1 அடி தள்ளிக் கட்டினால் போதும். ஒட்டிக் கட்டினால் வலையின் சூடு சுவருக்கே வரும். இடமிருந்தால் அந்தப் பக்கம் பப்பாளியோ முருங்கையோ நடுங்கள். வாசல் முழுவதும் சிமெண்டு போட்ட வீட்டுக்கு இது இன்னும் அவசியம்.

மின்சாதனங்கள்

சாதாரணக் கூரைக் காற்றாடி சுமார் 75 வாட் இழுக்கும், டிசி மோட்டார் காற்றாடி 30 வாட் அளவு. நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதம் 27 யூனிட்டுக்குப் பதிலாக 11 யூனிட். நல்ல மிச்சம்தான், ஆனாலும் ஓடுகிற காற்றாடியைக் கழற்றி எறியுமளவு அல்ல, கெட்டுப்போகும்போது மாற்றுங்கள். குளிர்பெட்டியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அது இரவு பகல் ஓடுகிறது. கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள்; தடையில்லாமல் வந்தால் ரப்பர் போய்விட்டது. பின்பக்கம் 4 அங்குலம் இடம் விடுங்கள். பின்னால் இழுத்துக் கட்டிய தகரக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

2025 ஜூலையில் வந்த தெனாகா நேஷனல் மின் நிறுவனத்தின் கட்டண முறையில், மாதம் 1000 யூனிட்டுக்குள் நின்றால் ஊக்கக் கழிவு கிடைக்கும். பயன்பாடு குறையக் குறையக் கழிவு விகிதம் கூடும். 600ஐத் தாண்டினால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் சேரும். 620, 630இல் நிற்கும் வீட்டுக்கு இந்தச் சின்ன வேலைகளே அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கப் போதும்.

இத்தனைக்குப் பிறகும் ஏர்கோன் வேண்டுமென்றால் ஒரே அறைக்கு, 10க்கு 12 அடியென்றால் 1 குதிரைத்திறன் இன்வெர்டர், 5 நட்சத்திர முத்திரை உள்ளது. அந்த அறைக்குச் சீலிங் கட்டாயம். காற்றுத் துளைகளை அந்த அறையில் மட்டும் அடையுங்கள். வெளியந்திரத்தை மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள். 25 பாகையில் வைத்துக் காற்றாடியையும் மெதுவாக ஓடவிடுங்கள், வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.