அணுக்கழிவுப் புதைகிடங்கு: நிலநடுக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது

கல்பாக்கம் பக்கத்திலேயே இருப்பதால் அணுக்கழிவைப் பற்றிய பேச்சு புதுச்சேரியில் அவ்வப்போது எழும். பூமிக்கடியில் புதைப்பது என்றதும் "நிலநடுக்கம் வந்தால்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். 2001 செப்டம்பர் 25 இரவு கடலுக்குள் உண்டான 5.5 ரிக்டர் அதிர்வை உணர்ந்தவர்கள் அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் அதோடு நின்றுவிடுவது தவறு. ஆழம் கூடக்கூட குலுக்கல் பொதுவாகக் குறையும். பாறைப் பிளவு நகர்ந்து கழிவுக் கலனை அறுக்குமா, தண்ணீருக்குப் புதுவழி திறக்குமா என்று பார்க்க வேண்டும். கழிவை மேலே கொண்டுவரக்கூடியது பெரும்பாலும் தண்ணீர்தான்.

"இன்றைக்குக் காய்ந்த பாறை, என்றைக்கும் காய்ந்திருக்கும்" என்று நம்புவதும் தவறு. திருவக்கரைக் கல்மரங்களை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வெட்டுமுகத்தில் ஆண்டு வளையம் தெரியும், நகத்தால் கீறினால் கல். புதைந்த மரத்தின் நுண்ணறைகளில் நிலத்தடி நீர் கொண்டுவந்த சிலிக்கா படிந்து படிந்து உருவானவை அவை. தண்ணீருக்கு அவ்வளவு பொறுமை. அணுக்கழிவில் இருக்கும் கதிரியக்கப் பொருளான புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,100 ஆண்டுகள் ஆகும். அதன் பக்கத்தில் வைத்தால் நூறு வருடக் கிணற்று அளவீடு ஒன்றுமே இல்லை. அதிலும் நீரோட்டத்தின் திசையை மனிதர்களே மாற்றுகிறோம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடிகிறது.

ஏற்கெனவே வெட்டிய சுரங்கம் இருக்கிறதே, அதையே பயன்படுத்தலாம் என்ற ஆசை எனக்கு மிகவும் கவலை தருவது. ஜெர்மனியின் அஸ்ஸே பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 அணுக்கழிவுப் பீப்பாய்களை இறக்கினார்கள். உப்பு நல்ல பாறைதான். ஆனால் உப்பெடுப்பதற்காக ஓரம்வரை குடைந்திருந்த அறைகள் நாளடைவில் நெளிந்தன. 1988 முதல் உள்ளே தண்ணீர் கசிகிறது, நாளொன்றுக்குச் சுமார் 12,000 லிட்டர்.

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து லயன்ஸ் உப்புப் படிவத்தைக் கழிவுப் புதைகிடங்குக்காகத் தேர்ந்தெடுத்தபோது சுற்றிலும் பழைய எண்ணெய், எரிவாயுத் துளைகள் இருந்தது பெரிய சிக்கலானது. 1972இல் திட்டத்தையே கைவிட்டார்கள். வறண்டுபோன போர்வெல்லை மூடாமல் விட்டுவிடும் பழக்கம் நம் பக்கத்திலும் உண்டு. அப்படி ஒரு குழாய், வரைபடத்தில் இல்லாத வழியாகிவிடும்.

அப்புறம், "கருங்கல் என்றால் சரி" என்று மொத்தமாக மதிப்பிடக் கூடாது. ஃபின்லாந்தின் ஒன்கலோ புதைகிடங்கில் 400 மீட்டருக்கும் மேலான ஆழத்தில், கலன் இறங்கும் இடத்தைக் குழிகுழியாகச் சோதிக்கிறார்கள். பெரிய பிளவு குறுக்கிட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறிடம் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி.