முறைப்பாடு வந்தால் எங்கிருந்து தொடங்குவது: தமிழில் இணையச் சேவை நடத்துவோருக்கான கையேடு

கொழும்பில் தமிழ்ப் பாவனையாளர்களுக்காக இணையச் சேவை நடத்துகிறவர்களில் பலர் மிகச் சிறிய குழுவினர். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு புத்தகங்களை இணையத்தில் விற்கும் கடையாக இருக்கலாம், கொட்டாஞ்சேனையில் மாலை வகுப்புகளுக்குப் பதிவு எடுக்கும் நிலையமாக இருக்கலாம், மண்டப முன்பதிவுக்குப் படிவம் வைத்திருக்கும் சங்கமாகவும் இருக்கலாம். தளத்தை அமைத்தவர், பராமரிப்பவர், தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்பவர் என எல்லோரும் இரண்டு மூன்று பேருக்குள் அடங்கிவிடுவார்கள். முறைப்பாடுகளுக்கென்று தனிப் பிரிவு இவர்களிடம் இராது. அதனாலேயே முறைப்பாட்டை எப்படி வாங்குவது, எப்படிச் சோதிப்பது, எப்படி முடிப்பது என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு வழக்கம் தேவைப்படுகிறது. பாவனையாளர் சொன்னது எவ்வளவு தெளிவற்றதாக இருந்தாலும், நடந்த ஒன்றுக்கு அவரே சாட்சி என்று ஏற்றுக்கொண்டு தொடங்குவதுதான் அந்த வழக்கத்தின் அடிப்படை. "எங்களுக்குச் சரியாகத்தானே வேலை செய்கிறது" என்ற பதிலை எந்தச் சூழ்நிலையிலும் அனுப்ப வேண்டாம்; அந்த ஒரு வரியைப் படித்தவர் அடுத்த கோளாறைச் சொல்ல வரமாட்டார்.

வாங்கும் இடம் ஒன்றாக இருக்கட்டும்

முறைப்பாடுகள் வட்ஸ்அப்பில் வரும், பேஸ்புக் பக்கத்தில் வரும், மின்னஞ்சலில் வரும், கல்யாண வீட்டில் சந்தித்தவர் வாயாலும் வரும். எந்த வழியாக வந்தாலும் எல்லாம் ஒரே பதிவேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். குழுவினர் அனைவரும் திறக்கக்கூடிய ஒரு கூகிள் ஷீட் போதும். விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. இலக்கம், திகதி, சொன்னவர், அவர் சொன்ன சொற்கள் அப்படியே, யார் பார்க்கிறார், என்ன நிலை என்பவற்றை அதில் எழுதுங்கள். சொன்ன சொற்களை அப்படியே எழுதுவது முக்கியம். "காசு கட்டிப்போட்டு நிக்கிறன், ஒரு பதிலும் இல்லை" என்று வந்ததை "கட்டணக் கோளாறு" என்று சுருக்கி எழுதினால், பணம் கழிந்த பின்னர்தான் பக்கம் நின்றது என்ற செய்தி அந்த இடத்திலேயே தொலைந்துவிடும்.

கேட்பதும் பதில் எழுதுவதும்

"தம்பி, உங்கட சைற்றில ஒண்டும் வருகுதில்லை." இப்படி ஒரு வரி வந்தால் நமக்குத் தெரிய வேண்டியவை நான்கு: அவர் என்ன செய்ய முயன்றார், திரையில் என்ன தெரிந்தது, போனா கணினியா, எத்தனை மணிக்கு நடந்தது. நான்கையும் ஒரே தடவையில் விண்ணப்பப் படிவம் போல அனுப்பினால் பெரும்பாலும் பதில் வராது. முதலில் இரண்டைக் கேளுங்கள்; பதில் வந்தபின் மற்ற இரண்டையும் கேளுங்கள். ஸ்கிரீன்ஷொட் எடுக்கத் தெரியாத வயதானவர்களிடம், வீட்டில் இருக்கும் இன்னொரு போனால் திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லலாம். அதைவிட நல்லது, நடந்ததைக் குரல் செய்தியாகச் சொல்லச் சொல்வது. எழுதும்போது விட்டுவிடும் படிகளை மனிதர்கள் பேசும்போது வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். "பிறகு திரும்பவும் அமத்தினன்" என்று ஒருவர் இடையில் சொல்லிச் செல்வதிலிருந்தே, ஒரே பொத்தான் இரண்டு தடவை அழுத்தப்பட்டு இரண்டு கட்டளைகள் பதிவானதைக் கண்டுபிடிக்க முடியும்.

கடவுச்சொல்லையோ ஓடீபீ இலக்கத்தையோ ஒருபோதும் கேட்காதீர்கள், அவற்றைக் கேட்க மாட்டோம் என்பதைப் பதிலிலேயே எழுதியும் வையுங்கள். வந்து சேரும் படங்களில் அடையாள அட்டை இலக்கமும் வங்கிச் சிட்டையும் தெரியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தரவுகளை நோக்கத்துக்குத் தேவையான காலத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பதைக் கோட்பாடாகவே வகுத்திருக்கிறது. ஆகவே முறைப்பாடு முடிந்ததும் அந்தப் படங்களைப் போனிலிருந்தும் பதிவேட்டிலிருந்தும் அழித்துவிடுவது அன்றாட வேலையின் ஒரு பகுதியாக வேண்டும்.

முதல் பதில் அன்றைக்கே போகட்டும், தீர்வு கையில் இல்லாவிட்டாலும் போகட்டும். ஒரு மாதிரி இது: "வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியது கிடைத்தது. உங்கள் முறைப்பாட்டின் இலக்கம் 112. காசு கட்டும் பக்கத்தில் நின்றுவிட்டது என்று விளங்கிக்கொள்கிறோம். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். நாளை மாலைக்குள் மீண்டும் எழுதுவோம்." நாளை மாலைக்குள் கோளாறு தீரும் என்று இதில் எங்கும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுதுவோம் என்பது நம் கையில் இருக்கும் வாக்குறுதி. அதைக் காப்பாற்றுங்கள், தீராவிட்டால் தீரவில்லை என்றே எழுதுங்கள்.

நேரத்தைச் சரியாகப் பொருத்துங்கள்

பல சேர்வர்கள் தமது பதிவுகளை உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறது. இரவு 9 மணிக்கு நடந்தது என்று பாவனையாளர் சொன்னால், பதிவில் 15.30ஐத் தேட வேண்டும். அதிகாலை 4 மணி என்றால் முந்தைய நாளின் 22.30ஐப் பார்க்க வேண்டும். "அப்படி எதுவும் நடக்கவில்லையே" என்று தேடியவர் கைவிரிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பழைய தரவுகளை வைத்திருக்கும் சேவைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1996 மே மாதத்தில் இலங்கையின் நேரம் மாற்றப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபரில் மறுபடியும் மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. ஐந்தரை என்ற எண்ணை நிரலில் நேரடியாக எழுதாமல், ஏசியா/கொலம்போ என்ற நேர வலயப் பெயரைப் பயன்படுத்தினால் இந்த வரலாற்றை மென்பொருளே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

எழுத்தில் ஒளிந்திருக்கும் கோளாறுகள்

தமிழில் சேவை நடத்துகிறவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய பகுதி இது. வேறு மொழிகளுக்காக எழுதப்பட்ட கையேடுகளில் இதைப் பற்றி ஒன்றும் இராது. ஆங்கிலத்தில் சோதித்துப் பார்ப்பவர் கண்ணிலும் படாது. பாவனையாளர் சொன்னால்தான் தெரியவரும்.

"கொழும்பு என்று தேடினால் ஒன்றும் வரவில்லை, ஆனால் பட்டியலில் கொழும்பு இருக்கிறது" என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தட்டச்சு செய்து தேடினால் சரியாக வருகிறது. அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டிலும் எழுத்து ஒழுங்காகவே தெரிகிறது. இரண்டு பேரும் சொல்வது உண்மையே. யூனிகோடில் "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்து எழுதுவது ஒன்று, ககரத்துடன் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்த்து எழுதுவது மற்றொன்று. ஒவ்வொரு குறிக்கும் யூனிகோடு கொடுக்கும் எண்ணைக் குறியெண் என்பார்கள்; முதல் முறையில் "கொழும்பு" எட்டுக் குறியெண்கள், இரண்டாவது முறையில் ஒன்பது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிடும் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட உரைகளிலும், பீடீஎஃப் கோப்பிலிருந்து பிரதி எடுத்த உரைகளிலும் இந்த இரண்டாவது வடிவம் அகப்படும்.

இத்தகைய முறைப்பாட்டில் படம் எதையும் காட்டிக்கொடுக்காது. தேடிய சொல்லை அப்படியே பிரதி எடுத்து எழுத்தாக அனுப்பும்படி கேளுங்கள். மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அதன் குறியெண்களை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு வெளிப்பட்டுவிடும். யூனிகோடு வகுத்துள்ள என்எஃப்சி என்ற சீராக்க முறையை, உரையைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் இரு பக்கத்திலும் செயற்படுத்துவதே இதற்கான தீர்வு. ஒரு பக்கத்தில் மட்டும் செய்தால் கோளாறு இடம் மாறுமே தவிரத் தீராது.

சீராக்கம் தீர்க்காதவையும் உண்டு. "கௌரி" என்ற பெயரை ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டச்சு செய்பவர்கள் ஏராளம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவ்விரண்டையும் என்எஃப்சி ஒன்றாக்காது. "ஸ்ரீ" எழுத்துக்கும் இரண்டு வடிவங்கள் புழக்கத்தில் இருக்கின்றன: ஸகரத்தைக் கொண்டு எழுதுவது பழையது, 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட தனி எழுத்தைக் கொண்டு எழுதுவது பிந்தியது. ஸ்ரீதரன், ஸ்ரீகாந்தன் என்ற பெயர்கள் நிறைந்த ஊரில் இது சிறிய விடயம் அல்ல. இவற்றை ஒன்றாகக் கருதும்படி தேடலுக்கு நீங்களே ஒரு சமன்பாட்டு அட்டவணை எழுதிக்கொடுக்க வேண்டும். புதிய முறைப்பாடு வரும்போதெல்லாம் அதில் ஒரு வரி கூடும். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர்கள் அந்த உரையை அப்படியே ஒட்டினால், ஆங்கில எழுத்துகளும், புள்ளி இருக்க வேண்டிய இடங்களில் அரைப்புள்ளிகளுமாகப் பக்கம் நிறையும். அதைக் கண்டால் அவரைக் குறை சொல்லாமல், உரையை நீங்களே யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த தடவைக்கான மாற்றியின் முகவரியையும் அனுப்புங்கள்.

பெயரும் இலக்கமும்

குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவம், தகப்பன் பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னால் வைத்து எழுதுகிறவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. முழுப் பெயருக்கு ஒரே பெட்டி வையுங்கள். தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய வடிவமும், 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க வடிவமும் பாவனையில் இருப்பதால் இரண்டையும் ஏற்க வேண்டும். கைத்தொலைபேசி இலக்கத்தை ஒருவர் ஒரு தடவை பூச்சியம் ஏழு என்று தொடங்கிப் பத்து இலக்கமாகவும், இன்னொரு தடவை தொண்ணூற்று நான்குடனும் எழுதி, இரண்டு கணக்குகளுக்குச் சொந்தக்காரராகிவிடுவார். "என் பழைய பதிவுகளைக் காணவில்லை" என்ற முறைப்பாட்டுக்கு முதலில் இதைச் சோதியுங்கள். குறுஞ்செய்தி துண்டுதுண்டாக வருகிறது என்று எழுதினால், தமிழ்ச் செய்தி ஒன்றில் 70 குறிகள்தான் அடங்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கு அது 160.

தளமே திறக்கவில்லை என்றால்

வட்ஸ்அப் வேலை செய்கிறது, உங்கள் தளம் மட்டும் திறக்கவில்லை என்கிறவரிடம் எந்த டேட்டா பக்கேஜ் என்று கேளுங்கள். சில பக்கேஜ்கள் குறிப்பிட்ட செயலிகளுக்கு மட்டுமே பொருந்துவன. பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது என்றால் போனின் திகதியைப் பார்க்கச் சொல்லுங்கள். அது தவறாக இருந்தால், தளத்தின் நல்ல பாதுகாப்புச் சான்றிதழும் காலாவதியானதாகத் தெரியும். திகதி சரியாக இருந்தால் உங்கள் சான்றிதழைப் பாருங்கள், ஏனெனில் இலவசச் சான்றிதழ்கள் பல 90 நாட்களில் முடிந்துவிடுகின்றன. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றதைப் போன்ற வேளைகளில் பாதியில் அறுந்துபோன படிவங்களைப் பற்றிய முறைப்பாடுகள் ஒரே நேரத்தில் குவியும். அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள்; படிவத்தைப் பாதியில் சேமித்துவைக்கும் வசதியைச் செய்துகொடுங்கள். தளம் முற்றாக விழுந்திருந்தால் அறிவித்தலைத் தளத்துக்கு வெளியே, பாவனையாளர்கள் பார்க்கும் பேஸ்புக் பக்கத்திலோ வட்ஸ்அப் குழுவிலோ போடுங்கள்.

கோளாறும் கருத்தும்

கோளாறைச் சொல்லும் செய்தியையும், "இப்படி இருந்தால் நல்லது" என்று வரும் கருத்தையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள். கருத்துக்கு அவசரம் இல்லை, ஆனால் பதில் உண்டு. செய்ய முடியாததைச் செய்ய முடியாது என்று காரணத்துடன் எழுதுவது, "பரிசீலிக்கிறோம்" என்று எழுதி வருடக்கணக்கில் விடுவதைவிட மரியாதையானது. கோபமாக எழுதியவரின் கடிதத்தில், கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நடந்தது என்ன என்பதை மட்டும் பதிவேட்டில் எழுதுங்கள். கோபப்பட்டு எழுதுகிறவர் இன்னும் உங்கள் சேவையை விட்டுப் போகவில்லை.

முடிப்பது

திருத்திய பின்னர், முடிந்தவரை அவர் பயன்படுத்திய அதே வகைப் போனில் அதே படிகளைச் செய்து பாருங்கள். பிறகு அந்தக் கோளாறைச் சொன்ன எல்லோருக்கும், முதலில் சொன்னவருக்கு மட்டுமல்லாமல், தனித்தனியாக எழுதுங்கள். அவர்கள் பார்த்துச் சரி என்று சொன்னதும் பதிவேட்டில் முடிந்தது என்று குறித்து, காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள். ஒரு வாரம் பதில் இல்லாவிட்டால், "மீண்டும் வந்தால் இதே இலக்கத்தைச் சொல்லி எழுதுங்கள்" என்று தெரிவித்துவிட்டு முடிக்கலாம்.

இந்த ஒழுங்கு எதற்கும் காத்திராமல் செயற்பட வேண்டிய முறைப்பாடு ஒன்று உண்டு: "என் கணக்கைத் திறந்தால் வேறொருவருடைய விபரம் தெரிகிறது" என்பது. அந்தப் பக்கத்தை உடனே மூடுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம். சேர்வர் பதிவுகளை அழியாமல் பிரதி எடுத்து வையுங்கள். வெளியார் ஊடுருவியதற்கான அறிகுறி இருந்தால், இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாள 2006 முதல் இயங்கிவரும் ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். விபரம் வெளிப்பட்டவர் யார் என்று தெரிந்தவுடன், எந்த விபரம், எவ்வளவு நேரம் பிறர் கண்ணில் பட்டது என்பதை அவருக்கு நீங்களே தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள்.